அறுபத்துநாலு காலுக்குக் காலுறை

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காளியைக் கும்பிடப் போவார்கள். மகன் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போவார்கள். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் மாற்றல் வந்தால் தலைவிதியே என்று போவார்கள். நான் மரவட்டைக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒரு பிராணியைக் கூட்டிவரப் போனேன்.

அதன் பெயர் ஆர்த்ரோப்ளூரா. முப்பது கோடி வருஷத்துக்கு முந்தைய காட்டில் எட்டரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமாக, இலைதழையைத் தின்றபடி, யாருக்கும் கெடுதல் நினைக்காமல் ஊர்ந்துகொண்டிருந்த உயிர். மரவட்டைக்கு நெருங்கிய சொந்தம், பூரானுக்குச் சற்றுத் தள்ளிய சொந்தம். திருநெல்வேலிப் பக்கம் பெரிய பூரானைச் செய்யான் என்போம். செய்யான் என்று யாராவது கத்தினால் வீடே விளக்குமாற்றைத் தேடும் ஊரில் நான் இருபத்தெட்டு வருஷமாக விலங்கியல் நடத்துகிறேன். மாணவிகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் மரவட்டை மேடம். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் கல்லூரியில் போன வருஷம் ஓர் அறையை ஒழித்து உயிரியல் காட்சியகம் ஆக்கினார்கள். நடுவில் பெரிய மாதிரி ஒன்று வைக்க இடம் இருந்தது. செயலருக்கு டைனோசர் வேண்டும். "டைனோசர்னா பிள்ளைங்க ஓடி வரும். ஒங்க பூச்சிய யாரு பாக்க வருவா?" என்றார். டைனோசர் இல்லாத குழந்தைகள் பூங்கா தமிழ்நாட்டில் ஒன்றாவது உண்டா என்று நான் கேட்டேன். மூன்று கூட்டம் சண்டை போட்டபின் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். திறப்பு விழாவன்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்து பரிசோதிப்பார். அறிவியல்படி ஒரே ஒரு தப்பு இருந்தாலும் மறுவாரமே பூச்சி வெளியே, டைனோசர் உள்ளே. அந்தப் பேராசிரியரை எனக்குத் தெரியும். ஒரு கருத்தரங்கில் கரப்பான்பூச்சியின் மீசையில் எத்தனை கணு என்று கேட்டு ஒரு பெண்ணை அரைமணி நேரம் நிறுத்தி அழவைத்தவர்.

சென்னையில் விசாரித்தால் எல்லோருக்கும் டைனோசர்தான் செய்யத் தெரிந்திருந்தது. கொல்கத்தாவில் ஜாதவ்பூரில் முப்பது வருஷமாக இருக்கும் என் அத்தை மகள் கோமதி மைனிதான் போனில் வழி சொன்னாள். "இங்கன துர்க்கா பூஜைப் பந்தலுக்கு எரிமலையே செஞ்சு புகைய விடுதான். ஒன் புழு என்ன பெரிய கொம்பா? படத்த அனுப்புட்டி." குமார்டூலி என்ற சிலைக்காரர்கள் பேட்டையில் நிதாய் பால் என்பவரிடம் அவளே பேசி முடித்தாள். நான் மேலிருந்து பார்க்கிற கோணத்தில் ஒரு படம் வரைந்து, அளவெல்லாம் குறித்து, ஓரத்தில் ‘கால் முப்பத்திரண்டு ஜோடி’ என்று எழுதி அனுப்பினேன். காலின் எண்ணிக்கை பற்றி ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. நான் முப்பத்திரண்டு ஜோடி கட்சி. நாலு மாதத்தில் அதன் முதுகுப் படம் வாட்ஸாப்பில் வந்தது. ஓடு ஓடாக அடுக்கிய முதுகைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்றுவிட்டேன்.

முதல் நாள். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்ற மைனியிடம், பஸ் ஏறி வரத் தெரியாதா எனக்கு என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் ஜாதவ்பூர் போகுமா என்று கேட்டதுதான் தாமதம். போகாது என்றார் அவர். போகும், ஆனால் போகக்கூடாது என்றார் முன்சீட்டுக்காரர். மூன்றாமவர் இருவரையும் கண்டித்துவிட்டு மெட்ரோவின் வரலாற்றை ஆரம்பித்தார். எங்கள் ஊரில் வழி கேட்டால் மோவாயைத் தூக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கே அது ஒரு பட்டிமன்றம். மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்து, நான் வேறு பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது, பஸ் கிடர்பூரில் நின்றது. கப்பல் சரக்கு லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் பெட்டியோடு இறங்கினேன். தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர் தன் நிறுத்தம் போனாலும் பரவாயில்லை என்று கூடவே இறங்கி, எனக்கு டாக்ஸி பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஊரைப் பற்றி அப்போதே எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் வழி கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

மைனி வீட்டில் லூச்சியும் கடலைப்பருப்பும். வெள்ளை மைதாப் பூரி. பருப்பில் பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய். தேங்காயை அரைக்காமல் நறுக்கிப் போடுவது எனக்குச் சோம்பேறித்தனமாகப் பட்டது. ஏழு லூச்சி தின்ற பிறகு அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன். மைனியின் பேரப்பிள்ளைகள் என்னிடம் தமிழிலும் தங்களுக்குள் வங்காளியிலும் பேசிக்கொண்டார்கள். என்னைப் பற்றித்தான் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. "பூச்சி ஆச்சி வந்திருக்காங்கன்னு சொல்லுதுங்க. நீ சாப்பிடு" என்றாள் மைனி.

இரண்டாம் நாள் மைனியோடு குமார்டூலி. சந்து முழுக்க வைக்கோலும் கங்கைக் களிமண்ணும். தலையில்லாத துர்க்கைகள் சுவரோடு சாய்ந்து நிற்க, தலைகள் தனியே பலகையில் காய்ந்துகொண்டிருந்தன. பூஜைக்கு எட்டு ஒன்பது நாள்தான் பாக்கி. நிதாய் பால் ஐம்பது தாண்டியவர். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். "வாங்க திதி, உங்க பிள்ளை தயார்" என்று உள்ளே கூட்டிப் போனார். திதி என்றால் அக்கா.

பட்டறையின் கோடியில், சிங்கத்துக்கும் எருமைக்கும் நடுவில் அது மூன்று துண்டாகப் பலகைமேல் இருந்தது. சேர்த்துப் பூட்டினால் எட்டரை அடி. ஓட்டின் மேடு பள்ளம், ஓரத்துச் சொரசொரப்பு, ஈரக் காட்டில் கிடந்து வந்த பழுப்பு நிறம் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தேன். அப்புறம் குனிந்து காலைப் பார்த்தேன்.

அறுபத்துநாலு காலும் சரியாக வளைந்து, சரியான இடத்தில் மடிந்து, தரைக்கு வந்து, ஒவ்வொன்றும் ஒரு பாதமாக முடிந்தது. குழந்தைப் பாதம். குதிகால், கணுக்கால், ஐந்து விரல், விரலுக்கு நகம். போதாததற்கு ஓரமெல்லாம் ஆல்தா. இங்கே கல்யாணப் பெண்ணுக்கும் அம்மனுக்கும் காலில் பூசுகிற சிவப்புச் சாயம். மொத்தம் முந்நூற்று இருபது விரல்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மைனி மொழிபெயர்த்தாள். நான் கத்தியதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தாள் என்று நினைக்கிறேன்.

நிதாய் பால் கோபப்படவில்லை. என் படத்தை எடுத்து விரித்தார். "மேலேருந்து வரைஞ்சிருக்கீங்க திதி. கால் ஓட்டுக்கு அடியில போயிடுது. நுனி எங்க? காட்டல. முப்பத்திரண்டு ஜோடின்னு எழுதியிருக்கீங்க, எழுதினபடி செஞ்சேன். பாதம் இல்லாம எது நடக்கும்?" அவர்கள் பட்டறையில் விரலும் பாதமும் அச்சில் வார்ப்பது வழக்கமாம். சின்ன லட்சுமிக்கு வைத்திருந்த பாத அச்சை எடுத்து அறுபத்துநாலு முறை வார்த்திருக்கிறார். அதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆனதாம்.

தப்பு என்னுடையது. மாணவிகள் படத்தில் கால்நுனி வரையாவிட்டால் அரை மார்க் குறைக்கிறவள் நான். அதை யாரிடமும் சொல்லவில்லை. பாதத்தை வெட்டிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"வெட்ட மாட்டேன்" என்றார் நிதாய் பால்.

"ஏனாம்?"

"ஆல்தா பூசின காலை எந்தக் கை வெட்டும் திதி? வேற யாரையாவது கேட்டுப் பாருங்க. இந்தத் தெருவுல ஒருத்தனும் வெட்ட மாட்டான்."

கேட்டேன். ஒருத்தனும் வெட்ட மாட்டேன் என்றான். இதற்கிடையில் தேநீர் கொண்டுவந்த அம்மாள் குனிந்து, முதல் ஜோடிப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தால் மைனியும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மைனி, அது மரவட்டை!"

"இருக்கட்டும்ட்டி. காலப் பாத்தா கை தானா போகுது. நான் என்ன செய்ய?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெஞ்சில் கிடந்த ரம்பத்தை நானே எடுத்தேன். இருபத்தெட்டு வருஷம் எத்தனையோ பிராணிகளை அறுத்துப் பாடம் நடத்தியவள்தானே. கடைசிக் காலின் கணுவில் ரம்பத்தை வைத்துப் பிடித்தேன். பிடிப்பதற்காக இடது கையால் பாதத்தை ஏந்தியதுதான் பிசகாகப் போயிற்று. சுண்டுவிரல் மற்ற விரல்களைவிடச் சற்று உள்ளே மடங்கி, நெல்லுமணி அளவு நகத்தோடு என் உள்ளங்கையில் இருந்தது. சந்தே மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. ரம்பம் மழுங்கியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அது மழுங்கியிருக்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. விரலுள்ள மரவட்டையோடு போனால் பேராசிரியர் என்னையும் சேர்த்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார். எனக்கு அழுகை வந்தது. பட்டறை வாசலில் உட்கார்ந்து மண்கோப்பையில் தேநீர் குடித்தபடியே அழுதேன். மைனிக்கு யார் அழுதாலும் பொறுக்காது. "விடுட்டி, இம்புட்டுதானே? சாக்ஸ் மாட்டி விட்டுருவோம், வெரல் தெரியாது" என்றாள், சிரிக்க வைக்க. நான் சிரிக்கவில்லை. ஆனால் மைனி என்ன சொன்னாள் என்று நிதாய் பால் கேட்டார், அவள் வங்காளியில் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"குழந்தை சாக்ஸ். ரெசின் பசையில முக்கி மாட்டி, முனைய இழுத்துக் கட்டினா கூரா இறுகிடும். மேல சுவருக்குப் பூசற பட்டி, அதுமேல பெயிண்ட். வெளியே உங்க கணக்கு, உள்ளே என் கணக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டுவாங்க."

மூன்றாம் நாள் கரியாஹாட் கடைத்தெரு. பூஜைக்கு முந்தைய வாரம் அங்கே போனவர்களுக்குத் தெரியும். நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்ச் சேர்க்கும். நடைபாதைக் கடை ஒன்றில் மைனி முப்பத்திரண்டு ஜோடி குழந்தை சாக்ஸ் கேட்டாள். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எழுந்தே நின்றுவிட்டார்.

"எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணுதான்" என்றாள் மைனி, யோசிக்காமல்.

"ஒரு குழந்தைக்கு முப்பத்திரண்டு ஜோடியா?"

"குளிர் தாங்காது."

வேறு எந்த ஊர்க் கடைக்காரராக இருந்தாலும் எங்களைச் சந்தேகமாகப் பார்த்திருப்பார். இவர் முகம் அப்படியே இளகிவிட்டது. குளிரைக் கண்டு அஞ்சுவதில் வங்காளியை மிஞ்ச ஆளில்லை. மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினாலே மப்ளர் கட்டிக்கொள்கிறவர்கள். அவர் மூட்டைகளை அவிழ்த்து வாத்து போட்டது, முயல் போட்டது, ரோஜா நிறம், மஞ்சள் என்று எண்ணி எடுத்தார். காலை மட்டும் மூடி என்ன பயன், குளிர் தலை வழியாகத்தான் ஏறும் என்று மூக்கும் கண்ணும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாய் ஒன்றையும் எடுத்து நீட்டினார். என்ன வயசு குழந்தை என்று கேட்டார். முப்பது கோடி என்று தமிழில் சொன்னேன். மைனி அதை ஏழு மாசம் என்று மொழிபெயர்த்தாள். "கடவுள் நீண்ட ஆயுசு கொடுக்கட்டும்" என்று ஆசீர்வதித்தார். அந்தப் பிராணியின் வம்சத்துக்கு அது கொஞ்சம் தாமதமான ஆசீர்வாதம்.

அன்று சாயங்காலம் நானும் மைனியும் நிதாய் பாலும் உட்கார்ந்து அறுபத்துநாலு காலுக்கும் காலுறை மாட்டினோம். ரெசின் நாற்றத்தில் கண் எரிந்தது. ஈரச் சாக்ஸை விரல் மேல் ஏற்றி, குதிகாலில் சுருக்கம் எடுத்து, முனையை இழுத்துக் கயிறு கட்ட வேண்டும். முப்பதாவது காலில் நான் ஒவ்வொரு பாதத்தையும் மாட்டும் முன் ஆல்தா அழியாமல் துடைத்துவிடுகிறேன் என்பதை மைனி கவனித்துவிட்டாள். தன் முந்தானையைக் கிழித்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். வாத்தும் முயலும் பட்டியில் மறைந்து, பழுப்புப் பெயிண்டு ஏறி, நடுராத்திரி நெருங்கையில் கூரான பூச்சிக் கால்கள் வரிசையாக வந்தன. அத்தனை அசல். எங்கள் பேராசிரியர் கனவில்கூட அப்படிக் கண்டிருக்க மாட்டார்.

அப்படியே வண்டியில் ஏற்றலாம் என்றேன். நிதாய் பால் தலையை ஆட்டினார். கண் இன்னும் எழுதவில்லை. கண் இல்லாத உருவம் அவர் வாசலைத் தாண்டாது. கண் மகாளய அமாவாசை காலையில்தான் எழுதுவார். நல்லவேளை, அது மறுநாளே.

நாலாம் நாள் காலையில் தெருவெல்லாம் ரேடியோவில் சண்டி பாராயணம். நம் ஊரைப் போலவே கங்கைப் படித்துறையில் ஆண்கள் வரிசையாக நின்று முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் நிதாய் பால் குளித்து, வெறும் வயிற்றோடு, புது வேட்டியில் நின்றார். ஐந்து துர்க்கைகளுக்குக் கண் எழுதி முடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார்.

இந்தப் பிராணியின் தலை எப்படி இருக்கும் என்பதே கொஞ்ச காலம் முன்புவரை யாருக்கும் தெரியாது. நண்டுக்கு இருப்பதுபோலக் குட்டைக் காம்பின் முனையில் கண் என்று இப்போதுதான் தெரிந்தது. இமை வேண்டாம், மை வேண்டாம், இரண்டே கறுப்புப் புள்ளி என்று நான் முந்தின நாளே கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லியிருந்தேன். அவர் திரையை இழுத்து எங்களை வெளியே நிறுத்தினார். இரண்டு புள்ளி வைக்க எத்தனை நேரம் ஆகும்? இருபது நிமிஷம் ஆயிற்று. திரையை விலக்கியபோது இரண்டே புள்ளிதான் இருந்தது. ஆனால் அது என்னைப் பார்த்தது. நான் அனிச்சையாகப் புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

மூன்று துண்டையும் வெள்ளைத் துணியில் சுற்றி ஸ்டேஷனுக்குப் போக ஒரு சின்ன லாரியில் ஏற்றினோம். நிதாய் பால் தலைப்பக்கம் வந்து, "போயிட்டு வா" என்று அதனிடம் சொன்னார். அன்று ஊர் முழுக்கச் சிலைகள் பந்தலுக்குப் போகிற நாள். எங்களுக்கு முன்னால் ஒரு துர்க்கை, பின்னால் இரண்டு. ஒரு முக்கில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். துணி காற்றில் விலகி, இரண்டு கண்ணும் அவரைப் பார்த்தன.

"இது எந்த அம்மன்?" என்றார் அவர்.

லாரிக்காரர் அசரவில்லை. "மெட்ராஸ் அம்மன். ரொம்ப பழசு."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் கை வைத்துவிட்டு, எதிரே வந்த பஸ்களை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். நடைபாதையில் நின்றவர்கள் துர்க்கா மாயிக்கு ஜே போட்டார்கள். மைனியும் போட்டாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அறிவியல் படித்தவளாக அதைத்தான் செய்ய முடிந்தது.

திறப்பு விழாவன்று பேராசிரியர் உருப்பெருக்குக் கண்ணாடியோடு வந்தார். செயலர் பின்னாலேயே டைனோசர் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பேராசிரியர் ஓடுகளை எண்ணினார். கண்ணைப் பார்த்து, "சமீபத்திய கண்டுபிடிப்புதான், சரி" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் படுத்தே விட்டார். அறுபத்துநாலு காலையும் ஒன்று விடாமல் பார்த்தார். எழுந்து தூசி தட்டி, "எங்கயும் ஒரு தப்பு இல்ல. நுனிதான் அபாரம். கால் தரையில பதியற அழுத்தம் அப்படியே தெரியுதே, எப்படிம்மா? உள்ள என்ன, கம்பியா?" என்றார்.

"காலு சார்" என்றேன்.

கடகடவென்று சிரித்தார். மரவட்டை மேடத்துக்கு நகைச்சுவை வரும் என்பதே இன்றுதான் தெரிகிறது என்று செயலரிடம் சொன்னார். செயலர் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அறையின் சாவி இப்போது என்னிடம். தினம் காலையில் திறக்கும் முன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். என்னைப் பார்த்து மாணவிகளும் கழற்றுகிறார்கள். புதுத் தரை அழுக்காகக் கூடாதென்று மேடம் நினைக்கிறார்கள் என்று அவர்களுக்குள் பேச்சு. தப்பு என்று எதைக் கண்டாலும் திருத்தாமல் விடாதவள் நான். இதை மட்டும் திருத்தவில்லை.